கெட்டிக்காரர் என்ற கதை

ஸ்காபுரோவில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



ஒரே ஊரில் பிறந்து ஒரே அளவு பாடுபட்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் எங்கேயோ இருக்கிறார், மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஏன் என்று கேட்டால் எங்கள் வீடுகளில் உடனே ஒரு விடை வரும்: "அவன் கெட்டிக்காரன்." முழுச் சமூகத்தைப் பற்றியும் இதே விடையைத்தான் சொல்லிக்கொள்கிறோம். யாழ்ப்பாணத்தார் கெட்டிக்காரர், கஷ்டப்பட்டுப் படித்தார்கள், அதனால் அங்கேயும் முன்னுக்கு வந்தார்கள், ரொறன்ரோவிலும் முன்னுக்கு வந்தார்கள். இந்த விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிக்கும் குறைந்த உண்மை என்று நான் நினைக்கிறேன். மீதியைப் பேசாமல் விடுவதால் எங்கள் பிள்ளைகளுக்கும் கேடு, எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேடு. அந்த மீதியைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் கனடா நாட்டு விளையாட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். 1980களில் அல்பேர்ட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் நகரில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குடும்பத்தோடு ஐஸ் ஹொக்கி பார்க்கப் போனார். நிகழ்ச்சித்தாளில் வீரர்களின் பிறந்த திகதிகள் இருந்தன. அவற்றில் ஜனவரியும் பெப்ரவரியும் மார்ச்சும் அளவுக்கு மீறி வருவதை முதலில் கண்டவர் அவருடைய மனைவி போலா. பிறகு பார்ன்ஸ்லி கணக்கெடுத்தார். உயர்நிலை அணிகளில் ஏறத்தாழ 40 சதவீதமானவர்கள் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 10 சதவீதம் அளவில்தான். இதற்கும் சாதகக் குறிப்புக்கும் சம்பந்தம் இல்லை. வயதுப் பிரிவைத் தீர்மானிக்கும் திகதி ஜனவரி 1. எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது, ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், உயரமானவன், பலமானவன். அவனைத்தான் நல்ல அணிக்கு எடுப்பார்கள். அங்கே நல்ல பயிற்றுநர், கூடிய நேரம் பனித்தளத்தில் விளையாட்டு, கூடிய போட்டிகள். பத்து வருடம் இப்படியே போனால் அவன் மெய்யாகவே சிறந்த வீரன் ஆகிவிடுகிறான்.

இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். அவன் திறமை போலி அல்ல. அவன் வியர்வையும் பொய் அல்ல. ஆனால் அந்தத் திறமை வளர வழிவிட்டது ஒரு திகதி. தொடக்கத்தில் கிடைத்த சின்ன அனுகூலம் காலப்போக்கில் உண்மையான ஆற்றலாக மாறிவிடுகிறது. மாறிய பிறகு அதன் பிறப்பிடத்தை யாரும் தேடுவதில்லை, அந்த வீரனும் தேடுவதில்லை. ஒன்ராறியோப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்தே வகுப்பில் சேர்க்கிறார்கள். டிசம்பர்ப் பிள்ளையை ஜனவரிப் பிள்ளையோடு ஒப்பிட்டு "இவனுக்குப் படிப்பு ஏறுதில்லை" என்று சொல்லும் தாய்தகப்பனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்று நீர், பனை, புகையிலை, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கொடுத்துச் சிறுத்துப்போன காணித் துண்டுகள். தெற்கில் கோப்பியும் பிறகு தேயிலையும் பணம் கொண்டுவந்தபோது இந்த மண்ணில் அப்படி எதுவும் விளையவில்லை. இப்படிப்பட்ட ஓர் இடம் இருபதாம் நூற்றாண்டில் இலங்கையின் வைத்தியர்களிலும் பொறியியலாளர்களிலும் கணக்காளர்களிலும் தன் அளவுக்கு மிஞ்சிய பங்கை எப்படிப் பெற்றது?

1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். பிரித்தானியாவும் அமெரிக்காவும் நடத்திய போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஆங்கிலேய ஆட்சியாளருக்கு அமெரிக்கர்மேல் நம்பிக்கை குறைவு. கொழும்புக்குத் தூரமான வடக்கில் அவர்கள் இருந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். 1820 இல் பதில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இன்னும் அமெரிக்கர் வருவதற்கே தடை போட்டார். அச்சகம் நடத்த வந்த ஜேம்ஸ் காரற் என்பவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து ஆள் வர முடியாதபோது உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டிய தேவை இன்னும் கூடியது. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானியலும் படிப்பித்த இடம் அது. அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவப் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, அந்த முறையை நன்றாக விளங்கிக்கொண்டு வெளியே வந்து, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் பிறகு ஊருக்கு ஊர் போட்டி. மிஷன் ஒரு பள்ளி கட்டினால் சைவர்கள் பக்கத்தில் ஒன்று கட்டினார்கள். இரண்டு சமயங்களின் போட்டியில் லாபம் அடைந்தது பள்ளிக்கூடம். ஒரு சின்னக் குடாநாட்டில் இவ்வளவு பாடசாலைகள் நெருக்கமாக வந்தது அப்படித்தான்.

இதில் எதை யாழ்ப்பாணத்தார் திட்டமிட்டார்கள்? அமெரிக்கரை அவர்கள் அழைக்கவில்லை. ஆங்கிலேயரின் சந்தேகத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. ஆறில்லாத மண்ணை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வாசல் திறந்தபோது உள்ளே போனார்கள். அது அவர்களுடைய கெட்டித்தனம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அதாவது அரசாங்கத்தில், மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அந்தக் காலத்தின் பிள்ளை. கொழும்புக் கந்தோர்கள், மலாயாவின் ரயில் நிலையங்கள், தபால் கந்தோர்கள் எங்கும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள். மலாயன் பென்சன் எடுத்த ஒருவரின் வீட்டில் பிறந்த பேரனுக்கு விண்ணப்பப் படிவம் எப்படி நிரப்புவது, எந்தச் சோதனைக்கு எப்போது ஆயத்தம் செய்வது, யாரிடம் ரியூசன் போவது என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். மூன்று தலைமுறை இப்படிப் போன பிறகு அவன் சோதனையில் கெட்டிக்காரன்தான். அல்பேர்ட்டாவின் ஜனவரிப் பிள்ளையைப் போல, அவன் திறமையும் மெய்யானது.

ஆனால் அந்த வாசல் யாழ்ப்பாணத்திலேயே எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது மண்டபத்தில் சிலருக்கு முகம் மாறும் என்று தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். அரச உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்ற உத்தரவு 1930ஐ ஒட்டித்தான் வந்தது. அதுவரை பல இடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள், அல்லது வெளியே நின்றார்கள். உத்தரவு வந்தபோது பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எரித்தவர்கள் வேற்று நாட்டார் அல்லர். பள்ளிக்கூடத்தை உயிராக மதித்த அதே சமூகம், அதில் இன்னொரு பிள்ளை சமமாக உட்காருவதைவிட அது சாம்பலாவதைப் பொறுத்துக்கொண்டது. எழுத்தாளர் டொமினிக் ஜீவா பள்ளியில் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுப் படிப்பை விட்டவர். சலூனில் வேலை செய்துகொண்டே எழுதி, சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். ஜீவாவைக் காட்டி "பார், திறமை இருந்தால் யாரும் வரலாம்" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அவரோடு அந்த வகுப்பிலிருந்து வெளியே போன, இதழ் எதுவும் நடத்தாத, பெயர் தெரியாத பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன்.

அனுகூலத்தை ஒருவர் பெறுவது ஒரு பாதி. அதன் வாசலைத் தனக்குப் பின்னால் சாத்துவது மறு பாதி. உலகம் முழுவதும் முன்னுக்கு நிற்கும் கூட்டங்கள் இரண்டையும் செய்கின்றன. நாங்களும் செய்தோம்.

எங்கள் வாசலை வேறொருவர் சாத்திய கதைக்கு இப்போது வருகிறேன். 1969 இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானத் துறைகளுக்குச் சென்றவர்களில் 27.5 சதவீதம் வட மாகாணத்தவர். மக்கள்தொகையில் அந்த மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 7 சதவீதம். 1971 இல் தரப்படுத்தல் வந்தது. பொறியியலுக்குத் தமிழ் மொழியில் எழுதியவருக்கு வெட்டுப்புள்ளி 250, சிங்களத்தில் எழுதியவருக்கு 227. மருத்துவத்துக்கு 250, 229. ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள், ஆனால் எழுதிய மொழி உன் தலைவிதி. இது அப்பட்டமான அநீதி. ஐம்பது வருடம் கழிந்தும் அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 1974 ஆம் ஆண்டளவில் விஞ்ஞானத் துறைகளில் வட மாகாணத்தின் பங்கு 7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 249 எடுத்தும் வீட்டில் இருந்த பிள்ளைகளின் கோபம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று இந்த மண்டபத்தில் இருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் மேடைகளில் வழக்கமாகச் சேர்த்துக் குழப்பப்படும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மொழிவாரித் தரப்படுத்தலுக்குப் பின்னால் மாவட்டக் கோட்டா வந்தது. முன்னது இனத்தைப் பார்த்து வெட்டியது. பின்னது, அதை எந்த மனதோடு கொண்டுவந்திருந்தாலும், இடத்தைப் பார்த்தது. ஆய்வுகூடம் இல்லாத, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அது பல்கலைக்கழகத்தின் படலையைத் திறந்தது. யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரிகளின் பிள்ளைகளோடு நேருக்கு நேர் போட்டியிட்டால் அவர்களுக்கு அது திறந்திருக்காது. அவர்கள் கெட்டித்தனத்தில் குறைந்தவர்களா? இல்லை. அவர்களுடைய ஊரில் மிஷனும் நாவலரும் போட்டிபோட்டுப் பள்ளி கட்டவில்லை. மாவட்டக் கோட்டாவால் இடம் கிடைக்கும் என்று தெரிந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சில பிள்ளைகளை வன்னிப் பக்கம் கொண்டுபோய்ச் சோதனை எழுத வைத்ததும் எங்களுக்குள் தெரிந்த கதைதான். முன்னுக்கு நிற்பவருக்குப் புதிய விதியையும் தனக்கு ஏற்ற மாதிரிப் பயன்படுத்தும் வழி முதலில் தெரிந்துவிடுகிறது.

மலையகத்தை நான் தனியாகச் சொல்லாமல் போக முடியாது. 1948 இன் குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சம் பேரளவில் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. அந்த ஆண்டிலேயே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் அமைச்சரானார். அதை ஏற்காமல் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். செல்வநாயகத்தின் அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் தோட்டப் பாடசாலைகள் 1970கள் வரை பெரும்பாலும் துரைமாரின் கையில் கிடந்தன; லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்தப் பிள்ளைகளும் எங்களைப்போலத் தமிழ்தான் பேசினார்கள்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஓடினோம். எல்லோரும் ஓடினோம், ஆனால் எல்லோரும் ஒரே தூரம் ஓடவில்லை. நிக்கலஸ் வான் ஹியர் என்ற ஆய்வாளர் இலங்கைத் தமிழரைப் பற்றி எழுதியபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார்: கையில் எவ்வளவு பணம் இருந்ததோ அவ்வளவு தூரம் போனார்கள். காணி விற்கவோ நகை அடகு வைக்கவோ முடிந்தவர்கள், வெளிநாட்டில் ஏற்கெனவே ஓர் அண்ணனோ மாமாவோ இருந்தவர்கள், ஏஜென்சிக்குக் காசு கட்டி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்தார்கள். படகுக்கு மட்டும் காசிருந்தவர்கள் மன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அதற்கும் காசில்லாதவர்கள் வன்னிக்குள்ளேயே இடம் மாறி இடம் மாறி, 2009 இல் முள்ளிவாய்க்காலில் நின்றார்கள். ஒரே போர். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து வளர்ந்து பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்றைக்கும் குடியுரிமை இல்லாமல் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய வயதில் இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் டாக்டர்களாக இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இருப்பது மூளையின் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் அதை நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்த நாட்டின் வாசலையும் நாங்கள் திறக்கவில்லை. 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: இந்த மண்ணில் காலடி வைத்து அகதி என்று கேட்கும் எவருக்கும் நேரில் தன் கதையைச் சொல்லும் உரிமை உண்டு. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் தமிழர்கள் அல்லர். பஞ்சாபிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் குடும்பங்களில் எத்தனை கோப்புகள் அந்தத் தீர்ப்பின் தயவில் உயிர் பெற்றன! ஆனால் எங்கள் விழாக்களில் அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு, 1986 ஓகஸ்ட்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தார்கள். கஸ் டோல்ற்றன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு கரைசேர்த்தார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் அவர்கள் சொன்னதும், பிறகு அது ஜெர்மனியிலிருந்து புறப்பட்ட பயணம் என்று தெரியவந்ததும் பத்திரிகைகளில் பெரிய செய்தி. அப்படியிருந்தும் அவர்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்து வேலை செய்ய விட்டார்கள். 2010 ஓகஸ்ட்டில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு 'சன் சீ' கப்பல் 492 பேரோடு வந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். கப்பலைச் சுற்றிக் கடற்படை, கரையில் சிறை. பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2012 இல் சட்டமே இறுகியது. 1986 இன் தமிழருக்கும் 2010 இன் தமிழருக்கும் இடையில் என்ன மாறியது? ஊர் அதே, மொழி அதே, பயம் இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கூட. மாறியது வந்து சேர்ந்த ஆண்டு. 2001 செப்டெம்பர்த் தாக்குதல், 2006 இல் விடுதலைப் புலிகள்மேல் கனடா போட்ட தடை, வாசலில் இருந்தவர்களின் மனநிலை. 1986 இல் வந்தவர் சொந்த முயற்சியால் வீடு வாங்கிய கதையை நான் மகிழ்ச்சியோடு கேட்பேன். ஆனால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் திகதி.

வீடு என்றதும் இன்னொரு திகதி நினைவுக்கு வருகிறது. 1996 இல் ரொறன்ரோப் பகுதியில் வீட்டின் சராசரி விலை 2 இலட்சம் டொலருக்குச் சற்றுக் குறைவு. 2022 இல் அது 11 இலட்சத்தைத் தாண்டியது. இரண்டு வேலை செய்து, நிலக்கீழ் அறையை வாடகைக்கு விட்டு, 1996 இல் மோர்னிங்சைட் பக்கம் வீடு வாங்கியவரும், அதே இரண்டு வேலையை 2012க்குப் பிறகு செய்தவரும் ஒரே அளவு களைத்தார்கள். முதலாமவர் அந்த வீட்டின் பெறுமதியைக் காட்டிப் பிள்ளையின் படிப்புக்கும் கடன் எடுத்தார், மார்க்கம் நகரில் இரண்டாவது வீட்டுக்கும் முற்பணம் கட்டினார். இரண்டாமவர் இப்போதும் முதலாமவரின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறார்.

இந்த நகரத்தில் முதலாவது வேலை எங்களுக்கு எப்படிக் கிடைத்தது? சொந்தக்காரர் சொல்லி. ஊரவர் ஒருவர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். அவர் சொல்லி அடுத்தவர் வந்தார். பத்து வருடத்தில் டவுன்ரவுன் உணவகங்கள் பலவற்றின் அடுப்படியில் தமிழ் கேட்டது. இது பெரிய பலம். சீட்டும் அப்படித்தான். இருபது பேர் மாதம் 500 டொலர் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்குப் 10,000. ஏலச் சீட்டானால் அவசரக்காரர் கழிவு விட்டு முதலில் எடுப்பார், பொறுத்தவர் அந்தக் கழிவின் லாபத்தைப் பெறுவார். வங்கி கேட்கும் கடன் வரலாறு இல்லாத காலத்தில், இன்னார் மகன், இன்ன ஊர் என்ற ஒரு சொல்லே பிணை. கடை திறந்தவர்களும் லொறி வாங்கியவர்களும் ஆளை ஸ்பொன்சர் பண்ணியவர்களும் அதில்தான் தொடங்கினார்கள். ஆனால் அந்தப் பிணையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. இன்ன ஊர் என்று சொல்ல முடியாதவருக்கு, சொன்னால் குரல் மாறும் ஊரிலிருந்து வந்தவருக்கு, சீட்டில் இடமில்லை.

நெருங்கிய உறவு முதல் வேலையைத் தரும். நல்ல வேலையைத் தருவது வேறு. மார்க் கிரனோவெற்றர் என்ற சமூகவியலாளர் 1970களின் தொடக்கத்தில் வெளியான ஆய்வொன்றுக்காக அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் உத்தியோகம் பெற்றவர்களை விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஆறில் ஒருவரே அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர். மற்ற எல்லோரும் எப்போதாவது காணும் ஒருவர் மூலம், பழைய சக ஊழியர் மூலம், வருடக்கணக்கில் பேசாத ஒரு நண்பர் மூலம் வேலை பெற்றவர்கள். காரணம் எளிது. எங்கள் வீட்டாருக்குத் தெரிந்த செய்தி எங்களுக்கும் தெரியும். புதிய செய்தி தூரத்து அறிமுகத்திலிருந்துதான் வரும். எங்கள் சமூகத்தின் வலையில் முடிச்சுகள் மிக நெருக்கம். அதனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. அதனாலேயே கொழும்பில் பொறியியலாளராக இருந்த பலர் இங்கே தொழிற்சாலை இரவு வேலையை விட்டு வெளியே போகும் வழியைக் கேள்விப்படவே இல்லை.

கேள்விப்பட்டாலும் பெயர் குறுக்கே நின்றது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் பிலிப் ஒரியோபோலஸ் இந்த நகரத்து நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டார். கனடாவில் படித்து, கனடாவில் வேலை செய்த ஒரே மாதிரித் தகைமை; பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயருக்கு வந்த நேர்முக அழைப்புகள் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு வந்தவற்றைவிட 40 சதவீதம் கூட. "கனடா அனுபவம் உண்டா?" என்ற கேள்வி இன்னொரு பூட்டு. முன் அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை. 2013 இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் அந்தக் கேள்வி பாகுபாடாகலாம் என்று சொன்னது. பிறகு சட்டங்களும் வந்தன. எங்கள் தலைமுறையில் பலருக்கு அது மிகவும் பிந்திவிட்டது.

இடமும் ஆளைத் தள்ளும், பிடித்து வைக்கும். டேவிட் ஹல்சான்ஸ்கி என்ற பேராசிரியர் ரொறன்ரோவின் அயல்களை ஆராய்ந்து, ஒரு நகரத்துக்குள் மூன்று நகரங்கள் இருப்பதாகக் காட்டினார். 1970 இல் மூன்றில் இரண்டு பங்கு அயல்கள் நடுத்தர வருமானத்துக்குரியவை. 2005 இல் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பணக்கார அயல்கள் சப்வேயின் கரையோடு படிந்தன. வறிய அயல்கள் வடமேற்கிலும் வடகிழக்கிலும். வடகிழக்கு என்றால் நாங்கள் இப்போது நிற்கும் ஸ்காபுரோ. 1985 இல் திறந்த ஸ்காபுரோ ரயில் பாதையில் 2023 ஜூலை 24 ஆம் திகதி ரயில் ஒன்று தடம் புரண்டது, அதோடு பாதை மூடப்பட்டது. காலை ஆறு மணி வேலைக்கு மால்வேணிலிருந்து புறப்படும் பெண் அதன் பிறகு பஸ்ஸில் எவ்வளவு நேரத்தை இழக்கிறாள்! அந்த நேரத்தில் டவுன்ரவுன் பிள்ளை நித்திரை கொள்கிறது, அல்லது படிக்கிறது.

இவ்வளவையும் சொல்வது எங்கள் உழைப்பைக் குறைக்க அல்ல. கையில் வந்த அனுகூலத்தை நாங்கள் இன்றைக்கு எங்கே போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கவலை. இந்த நகரத்தில் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் எத்தனையோ. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இராப்போசன விருந்து, நடனம், ஏலம், பணம் சேர்ப்பு. சேர்ந்த பணம் ஊரில் படித்த பள்ளிக்குப் போகிறது. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் அதிகம் பேர் இருக்கும் பள்ளிக்கு. வெளிநாட்டில் அதிகம் பேர் இருப்பது ஏற்கெனவே முன்னுக்கு நின்ற பள்ளிக்கு. அங்கே நீச்சல் தடாகம், புதிய மண்டபம், ஸ்மார்ட் வகுப்பறை. மாந்தையிலும் ஒட்டுசுட்டானிலும் ஹற்றனுக்கு மேலே தோட்டத்திலும் இருக்கும் பள்ளிக்கு ரொறன்ரோவில் பழைய மாணவர் சங்கம் இல்லை. அங்கே படித்தவர் ரொறன்ரோவுக்கு வந்து சேரவில்லை. 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய வித்தியாசத்தை 2020களில் நாங்கள் டொலரில் தொடர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். இங்கே பழைய மாணவர் சங்கங்களின் செயற்குழுவில் இருப்பவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். அடுத்த வருடம் சேரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை, சங்கம் இல்லாத ஒரு பள்ளியின் விஞ்ஞான, கணித, ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒதுக்குங்கள். கட்டடம் வேண்டாம், ஆசிரியரின் மேலதிக வகுப்புக்கான சம்பளம் போதும். எந்தப் பள்ளி என்று தேட உங்களுக்கு நேரமில்லை என்றால் முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து பட்டியல் தயாரித்துத் தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தொழில் தெரிந்தவர்களுக்கு. இந்த மண்டபத்தில் தாதிமார் இருக்கிறீர்கள், கணக்காளர்கள், மின்வேலைக்காரர், மென்பொருள் பொறியியலாளர், லொறிச் சாரதிகள், பள்ளிச் சபையிலும் நகரசபையிலும் வேலை செய்பவர்கள். வெளியே மேசையில் ஒரு தாள் இருக்கிறது. பெயர், தொழில், மாதத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் தொலைபேசியில் பேசக்கூடிய நேரம், இவ்வளவு எழுதினால் போதும். அந்தப் பெயர்களை இந்த நகரத்துக்கு அண்மையில் வந்து, சீட்டிலும் சங்கத்திலும் இன்னும் இடம் கிடைக்காதவர்களிடம் கொடுப்போம். அவர்களில் தமிழரும் இருப்பார்கள், சோமாலியரும் ஆப்கானியரும் சிங்களவரும் இருப்பார்கள். யார் அழைத்தாலும் எடுத்துப் பேசுங்கள்: எந்தத் தொழிலுக்கு எந்த அனுமதிப்பத்திரம், எந்த நிறுவனம் இப்போது ஆள் எடுக்கிறது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு முதலில் மைக் கொடுங்கள்.